பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும்: வாங்கும் முன் தெளிவு பெற வேண்டிய கேள்விகள்

மேசைக் கணினியைத் தாங்களே அசெம்பிள் செய்ய விரும்பும் நண்பர்களும் உறவினர்களும் சில ஆண்டுகளாக என்னிடம் கேட்டுவரும் ஐயங்களை, அவரவர் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். இவற்றில் பெரும்பாலானவை பணம் கொடுத்த பிறகு கேட்கப்பட்டவை. அதே கேள்வியை ஒரு வாரம் முன்னால் கேட்டிருந்தால் மிச்சமாகியிருக்கும் தொகையை நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன். டாலரில் குறிப்பிட்டுள்ளவை அமெரிக்க அறிமுக விலைகள். நம் ஊர் விலையில் 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் பிற செலவுகளும் சேர்ந்திருக்கும்.

பிராசசர் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். என் மதர்போர்டுல உட்காருமான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

மூன்று நிலைகளில் பார்க்க வேண்டும். முதலாவது சாக்கெட், அதாவது பிராசசர் அமரும் இடத்தின் வடிவமும் தொடுபுள்ளிகளின் எண்ணிக்கையும். இரண்டாவது சிப்செட், அதாவது பிராசசரைப் போர்டின் மற்றப் பாகங்களோடு இணைக்கும் சிப்; ஒரே சாக்கெட் உள்ள இரு போர்டுகளில் ஒன்று புதிய பிராசசரை ஏற்கும், மற்றொன்று மறுக்கும். மூன்றாவது பயாஸ் என்னும் அடிப்படை மென்பொருள். போர்டு ஒரு பிராசசரை அடையாளம் கண்டு இயக்குவதற்கான குறிப்புகள் இதற்குள்தான் இருக்கின்றன.

மூன்றையும் தனித்தனியாக ஆராயத் தேவையில்லை. போர்டின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் மாதிரிப் பெயரைக் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாதிரிக்கான பிராசசர் ஆதரவுப் பட்டியலைத் திறந்தால், ஒவ்வொரு பிராசசருக்கும் நேரே குறைந்தபட்சம் எந்தப் பயாஸ் பதிப்பு தேவை என்று எழுதியிருப்பார்கள். மாதிரிப் பெயரோடு ரிவிஷன் எண்ணையும் பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு ரிவிஷன்கள் வந்திருந்தால் இரண்டுக்கும் பயாஸ் வேறாக இருக்கலாம். பட்டியலில் இல்லாத பிராசசரைக் கடைக்காரரின் வாய்ச்சொல்லை நம்பி வாங்காதீர்கள்.

ரெண்டுமே 1151 சாக்கெட்தானே? அப்புறம் ஏன் ஓடலை?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் பழைய எச்110 போர்டில் எட்டாம் தலைமுறை ஐ5 பிராசசரைப் பொருத்தியிருந்தார். இன்டெல் நிறுவனம் எல்ஜிஏ 1151 சாக்கெட்டை 2015-இல் ஆறாம் தலைமுறையோடு கொண்டுவந்தது. ஏழாம் தலைமுறையும் அதில் ஓடியது. 2017 அக்டோபரில் வந்த எட்டாம் தலைமுறைக்கும் தொடுபுள்ளிகள் அதே 1151தான் என்றாலும், மின்சாரம் செல்லும் புள்ளிகளின் பங்கீட்டை மாற்றி, 300 வரிசைச் சிப்செட் கட்டாயம் என்று இன்டெல் அறிவித்துவிட்டது. பிராசசர் சாக்கெட்டில் அழகாக அமரும், ஆனால் கணினி துவங்காது.

அதன் பின்னர் 2020-இல் எல்ஜிஏ 1200, 2021 இறுதியில் எல்ஜிஏ 1700, 2024 அக்டோபரில் எல்ஜிஏ 1851 என்று இன்டெல் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. இவற்றுள் 1700 மட்டும் 12, 13, 14 ஆகிய மூன்று தலைமுறைகளுக்கு இடம் கொடுத்தது. இன்டெல் போர்டு வாங்குபவர், ஒரு முறைக்கு மேல் பிராசசரை மாற்ற முடியும் என்று எண்ணி அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

2018-ல வாங்கின பி450 போர்டு இருக்கு. அதுல 5800எக்ஸ்3டி போடலாம்னு சொல்றாங்களே, நிஜமா?

உண்மைதான், பயாஸ் புதுப்பிக்கப்பட்டிருந்தால். ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 சாக்கெட்டில் 2017 மார்ச்சில் முதல் ரைசன் பிராசசர்கள் விற்பனைக்கு வந்தன. 96 எம்பி மூன்றாம் நிலைக் கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம்) கொண்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி 2022 ஏப்ரலில் அதே சாக்கெட்டுக்கு வந்தது. நான்கு கோர் பிராசசரோடு தொடங்கிய ஒருவர் ரேமையோ போர்டையோ மாற்றாமல் அதுவரை வந்து சேர முடிந்தது என்பது மேசைக் கணினி வரலாற்றில் அரிதான வசதி.

ஆனால் அது தானாகக் கிடைத்த வசதி அல்ல. பழைய போர்டுகள் பலவற்றில் பயாஸ் சிப்பின் கொள்ளளவு 16 எம்பி மட்டுமே. அத்தனை தலைமுறைக் குறிப்புகளும் அதற்குள் அடங்கவில்லை. 2020 மே மாதத்தில், ரைசன் 5000 வரிசை பி450, எக்ஸ்470 போர்டுகளில் ஓடாது என்று ஏஎம்டி சொன்னது. பயனர்களிடமிருந்து எழுந்த கடும் எதிர்ப்புக்குப் பிறகு அதே மாதத்திலேயே முடிவை மாற்றிக்கொண்டது. 2022-இல் ஏஎம்டியின் 300 வரிசைப் போர்டுகளுக்கும் அனுமதி வந்தது. இடம் போதாத போர்டுகளில் சில தயாரிப்பாளர்கள் பயாஸின் படத்திரையை எளிமையாக்கினார்கள், சிலர் மிகப் பழைய பிராசசர்களுக்கான குறிப்புகளை நீக்கினார்கள். ஆகவே புதுப்பித்த பின் உங்கள் பழைய பிராசசர் அந்தப் போர்டில் ஓடாமல் போகவும் கூடும். பயாஸ் பக்கத்தில் உள்ள எச்சரிக்கையை முழுதாகப் படித்த பிறகே தொடங்குங்கள்.

இன்னொன்று: ஏஎம்4 பிராசசரில் ஊசிகள் பிராசசரின் அடியில் இருக்கின்றன. காய்ந்து இறுகிய தெர்மல் பேஸ்ட், கூலரைத் தூக்கும்போது பிராசசரையும் சேர்த்துப் பிடுங்கி ஊசிகளை வளைத்துவிடும். கணினியைச் சில நிமிடம் ஓடவிட்டுச் சூடேற்றி, அணைத்து, மின் இணைப்பை நீக்கிய பிறகு கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுங்கள்.

எல்லாம் மாட்டியாச்சு, ஃபேன் சுத்துது, ஆனா டிஸ்ப்ளே வரலை. போர்டு போயிடுச்சா?

பெரும்பாலும் போர்டு பழுதாகியிருக்காது. முதலில் பொறுமை: டிடிஆர்5 ரேம் உள்ள கணினி, முதல் முறை துவங்கும்போது ரேமின் வேகத்தைச் சோதித்துச் சரிசெய்ய ஒரு சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும், அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். அடுத்து, மானிட்டர் கேபிள் எங்கே செருகப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். தனிக் கிராபிக்ஸ் கார்டு இருக்கும்போது கேபிள் கார்டில்தான் இருக்க வேண்டும்.

இரண்டும் சரியாக இருந்தால் பயாஸ் பழையதாக இருக்கலாம். கடையில் ஓராண்டாக இருந்த போர்டில் அதற்குப் பின் வந்த பிராசசரைப் பொருத்தினால் இப்படி நேரும். 2018-இல் ரைசன் 2000ஜி வரிசை வந்தபோது இந்தச் சிக்கல் பரவலாகி, பயாஸைப் புதுப்பிப்பதற்காக ஏஎம்டியே பயனர்களுக்குத் தற்காலிகப் பிராசசர்களை இரவலாக அனுப்பியது. இன்று பல போர்டுகளின் பின்புறம் பயாஸ் ஃபிளாஷ்பேக் பொத்தான் இருக்கிறது. பிராசசரே இல்லாமல், பென் டிரைவில் உள்ள கோப்பைக் கொண்டு புதுப்பிக்கலாம். போர்டு வாங்கும்போது இந்தப் பொத்தான் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். புதுப்பிக்கும் இடைவெளியில் மின்சாரம் போனால் பயாஸ் பாதியில் அழிந்து நிற்கும் என்பதால், யுபிஎஸ் இல்லாத வீட்டில் அந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

எஃப்-னு முடியற பிராசசர் விலை கம்மியா இருக்கு. அதையே வாங்கலாமா?

தனிக் கிராபிக்ஸ் கார்டு கையில் இருந்தால் வாங்கலாம். ஐ5-12400எஃப் போன்றவற்றில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. கார்டு இல்லாமல் திரையில் எதுவும் தெரியாது. ஏஎம்4 ரைசன் வரிசையில் 'ஜி' என்ற எழுத்து இருந்தால் மட்டுமே உள்ளமைந்த கிராபிக்ஸ் உண்டு. ஏஎம்டியின் அடுத்த சாக்கெட்டான ஏஎம்5-இன் ரைசன் 7000, 9000 வரிசைகளில், எஃப் என்று முடிபவை தவிர மற்றவற்றில் சிறிய அளவிலாவது இருக்கிறது. கார்டு பழுதாகி மாற்றுக்கு அனுப்பும் வாரங்களில் அந்தச் சிறிய கிராபிக்ஸ்தான் கணினியை உயிரோடு வைத்திருக்கும். விலை வேறுபாடு சிறிதென்றால் எஃப் இல்லாததையே நான் பரிந்துரைப்பேன்.

பழைய ரேமை அப்படியே வச்சுக்கிட்டு போர்டும் பிராசசரும் மட்டும் மாத்த முடியுமா?

உங்களிடம் இருப்பது டிடிஆர்4 என்றால் ஏஎம்4 போர்டிலோ, டிடிஆர்4 பதிப்பாக வந்த எல்ஜிஏ 1700 போர்டிலோ அது பயன்படும். ஏஎம்5, எல்ஜிஏ 1851 இரண்டும் டிடிஆர்5 மட்டுமே ஏற்பவை. எல்ஜிஏ 1700-இல் இரண்டு வகைப் போர்டுகளும் ஏறத்தாழ ஒரே பெயரில் விற்கப்பட்டதால், பெட்டியின் மேல் 'டி4' என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். டிடிஆர்4, டிடிஆர்5 ரேம்களின் விளிம்பில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருப்பதால் மாற்றிச் செருக முடியாது.

முன்பெல்லாம் இதைச் சிறிய விஷயமாக நினைத்தோம். 2025-இன் இறுதியில், செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சிப்புகளை வாங்கிக் குவித்ததால் ரேம் விலை கடுமையாக ஏறியது. அதன் பிறகு கையில் உள்ள 32 ஜிபி டிடிஆர்4 ரேமைத் தக்கவைப்பதே, எந்தச் சாக்கெட் என்ற முடிவைத் தீர்மானிக்கும் அளவுக்கு வந்துவிட்டது.

கூலர் பழசுதான், பொருந்துமா?

ஏஎம்4 கூலர்களில் பெரும்பாலானவை ஏஎம்5-இலும் பொருந்தும். இன்டெல்லில் 1151, 1200 சாக்கெட்டுகளின் துளை இடைவெளி 75 மில்லிமீட்டர். 1700-இல் 78 ஆயிற்று. அதற்குத் தனி மாட்டி வேண்டும். 1700-க்கான கூலர் பெரும்பாலும் 1851-க்கும் சரியாக இருக்கும்.

13, 14-ஆம் தலைமுறை இன்டெல் பிராசசர் கெட்டுப்போகுதாமே? செகண்ட் ஹேண்ட்ல வாங்கலாமா?

அந்தச் சிக்கல் உண்மையானது. கூடுதல் மின்திறன் கொண்ட ஐ9, ஐ7 மாதிரிகளில்தான் அது அதிகம் பேசப்பட்டது. பிராசசர் தேவைக்கு மேல் மின்னழுத்தத்தைக் கேட்டுப் பெற்றதால் காலப்போக்கில் நிலைகுலைந்து, விளையாட்டுகள் இடையில் நின்றன. 2024 ஆகஸ்டில் 0எக்ஸ்129, செப்டம்பரில் 0எக்ஸ்12பி என்ற மைக்ரோகோட் (பயாஸ் வழியாக வரும், பிராசசரின் உள்கட்டளைகள்) திருத்தங்களை இன்டெல் வெளியிட்டு, பாதிக்கப்பட்ட மாதிரிகளின் உத்தரவாதத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. திருத்தம் மேலும் பழுதாவதைத் தடுக்கும். ஏற்கெனவே தேய்ந்த பிராசசரை மீட்காது.

ஆகவே பழையதை வாங்கும்போது, அது எந்தப் பயாஸில் எத்தனை காலம் ஓடியது என்பதை அறிய வழியில்லை என்ற ஒரே காரணத்துக்காக, இந்த வரிசையின் உயர் மாதிரிகளை நான் தவிர்க்கச் சொல்வேன். புதியதாக, ரசீதோடு வாங்குபவர் போர்டைப் பொருத்திய அன்றே பயாஸைப் புதுப்பித்துவிட்டால் அஞ்சத் தேவையில்லை.

இன்டெல் பிராசசரோட ஏஎம்டி கார்டு போட்டா சண்டை வராதா?

வராது. கிராபிக்ஸ் கார்டு பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற பொதுவான வழியாகவே பேசுகிறது. யார் தயாரித்த பிராசசர் என்பது அதற்குப் பொருட்டல்ல. என்விடியா, ஏஎம்டி, இன்டெல் எதை எதோடு இணைத்தாலும் ஓடும்.

என் போர்டு பிசிஐ 3.0. கார்டு 4.0-ன்னு போட்டிருக்கு. வேகம் பாதியாகுமா?

பொருந்தும், ஓடும், வேகம் எவ்வளவு குறையும் என்பது கார்டு பயன்படுத்தும் பாதைகளின், அதாவது பிராசசரோடு தரவு போய்வரும் தடங்களின், எண்ணிக்கையைப் பொறுத்தது. 16 பாதைகளும் உள்ள கார்டில் இழப்பு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. 2022 ஜனவரியில் வந்த ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியில் இருந்தவை நான்கு பாதைகளும் 4 ஜிபி நினைவகமும் மட்டுமே. அது பிசிஐ 4.0 போர்டில் ஓரளவு தாக்குப்பிடித்தது, 3.0 போர்டில், நினைவகம் நிரம்பித் தரவு ரேமுக்குப் போய்வர வேண்டிய விளையாட்டுகளில் மிக மோசமாகத் தடுமாறியது. விலை குறைந்த கார்டைத் தேடுபவரிடம்தான் பழைய போர்டும் இருக்கும் என்பதால், அந்த வடிவமைப்பு தண்டிக்கக் கூடாதவர்களைத் தண்டித்தது என்றே இன்றும் கருதுகிறேன். ஆர்டிஎக்ஸ் 4060, 5060 வரிசைகளில் எட்டுப் பாதைகள். 8 ஜிபி பதிப்பைப் பழைய போர்டில் போடுபவர்கள் இதே காரணத்தை மனத்தில் கொள்ள வேண்டும்.

எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட் வேணும்?

எஸ்எம்பிஎஸ் என்பது கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டி. கார்டு, போர்டில் தான் செருகப்படும் இடத்தின் வழியாக 75 வாட்டும், ஆறு ஊசி இணைப்பில் 75 வாட்டும், எட்டு ஊசி இணைப்பில் 150 வாட்டும் பெறலாம் என்பது வரையறை. கார்டு தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் அளவு பாதுகாப்பான இடைவெளியோடுதான் சொல்லப்படுகிறது; அதைப் பின்பற்றினால் போதும். பெயர் தெரியாத நிறுவனம் ஒட்டியிருக்கும் '750 வாட்' என்ற தாளை நம்பாதீர்கள்.

2022 இறுதியில் ஆர்டிஎக்ஸ் 4090 வந்தபோது, அதன் 16 ஊசி இணைப்பு உருகிய படங்கள் பரவின. முழுதாகச் செருகப்படாதது முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. பின்னர் இணைப்பின் வடிவமும் திருத்தப்பட்டது. 'டக்' என்று பொருந்தும் வரை அழுத்தி, இடைவெளி இல்லை என்று விளக்கடித்துப் பாருங்கள். மேலும், கழற்றி மாட்டும் கேபிள்கள் உள்ள ஒரு எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளை இன்னொன்றில் ஒருபோதும் மாட்டாதீர்கள். முனை பொருந்தினாலும் உள்ளே மின்னோட்ட வரிசை வேறாக இருக்கலாம், ஹார்டு டிஸ்க் கருகிவிடக்கூடும்.

ஒரே பேரு, ரெண்டு விலை. விலை கம்மியா இருக்கிறதை எடுத்தா என்ன?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஜிஃபோர்ஸ் ஜிடி 1030 முதலில் ஜிடிடிஆர்5 நினைவகத்தோடு வந்தது; 2018-இல் அதே பெயரில் டிடிஆர்4 பதிப்பு வந்து, விளையாட்டு வேகத்தைப் பாதியளவுக்குக் குறைத்தது. ஜிடிஎக்ஸ் 1060-இன் 3 ஜிபி, 6 ஜிபி பதிப்புகளில் நினைவகம் மட்டுமல்ல, கோர்களின் எண்ணிக்கையும் வேறு: 1152-உம் 1280-உம். சாக்கெட்டைப் பற்றி இரண்டாம் கேள்வியில் சொன்னதே இங்கும் பொருந்துகிறது. பெயரின் ஒற்றுமை பொருளின் ஒற்றுமை ஆகாது.

2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி இரண்டிலும் 8 ஜிபி, 16 ஜிபி என இரு பதிப்புகள் உண்டு. அறிமுக விலையில் இடைவெளி 50 டாலர்தான். நான்கைந்து ஆண்டுகள் வைத்துக்கொள்பவர் 16 ஜிபியை எடுப்பதே நல்லது. நினைவகம் நிறைந்த கார்டு திடீரெனத் திணறும். விளையாட்டின் படத்தர அமைப்புகளைக் குறைப்பதைத் தவிர வேறு வழி இருக்காது.

என்விடியாதான் பெஸ்டுன்னு எல்லாரும் சொல்றாங்க. ஏஎம்டி கார்டு வாங்கினா தப்பா?

வேலையைப் பொறுத்தது. ஏஐ மாதிரிகளை இயக்குவது, பிளெண்டரில் ரெண்டர் செய்வது போன்றவற்றில், 2007 முதல் வளர்ந்துவரும் 'கூடா' (CUDA) என்ற மென்பொருள் அடித்தளம் என்விடியாவுக்கு இருக்கிறது. பல கருவிகள் அதை முன்வைத்தே எழுதப்பட்டுள்ளன. இந்த வேலைகளுக்கு வாங்குபவரிடம் நான் வாதிடுவதில்லை.

விளையாட்டு மட்டும் என்றால் நிலைமை வேறு. 2025 மார்ச்சில் ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி 599 டாலருக்கு 16 ஜிபியோடு வந்தது. அது நேருக்கு நேர் மோதிய ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ 749 டாலர். ஒளியும் நிழலும் இயல்பாகத் தெரியச் செய்யும் ஒளிக்கதிர்க் கணிப்பில் (ரே டிரேசிங்) முந்தைய ஏஎம்டி கார்டுகள் வெகுவாகப் பின்தங்கியிருந்தன; இந்தத் தலைமுறையில் அந்த இடைவெளி சுருங்கியது. படத்தைச் சிறிதாக வரைந்து பெரிதாக்கும் நுட்பத்தில், என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் இன்னும் அதிக விளையாட்டுகளில் கிடைக்கிறது. கடை விலை அறிமுக விலையோடு ஒத்துப்போகாத மாதங்கள் உண்டு. ஆகவே வாங்கும் நாளின் விலையை வைத்தே ஒப்பிடுங்கள்.

நான் எப்படியும் என்விடியாதான் வாங்குவேன். மத்தவங்க போட்டி போட்டா எனக்கென்ன?

உங்களுக்குத்தான் அதில் நேரடி ஆதாயம். 2008 ஜூனில் ஜிடிஎக்ஸ் 280 கார்டை என்விடியா 649 டாலருக்கு வெளியிட்டது. அதே மாதம் ஏஎம்டியின் ரேடியான் எச்டி 4870 வெறும் 299 டாலருக்கு வந்து வேகத்தில் நெருங்கவே, சில வாரங்களுக்குள் ஜிடிஎக்ஸ் 280-இன் விலை 499 ஆகக் குறைக்கப்பட்டது. எச்டி 4870-ஐத் தொட்டுக்கூடப் பார்க்காதவர்களும் அந்த 150 டாலரைச் சேமித்தார்கள். அண்மைய உதாரணமும் உண்டு: 1199 டாலருக்கு வந்த ஆர்டிஎக்ஸ் 4080-க்குப் பதிலாக 2024 ஜனவரியில் ஆர்டிஎக்ஸ் 4080 சூப்பர் 999 டாலருக்கு வந்தது; ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ் 2022 டிசம்பரில் தொடங்கிய விலையும் அதே 999தான்.

ஒரு காலத்தில் இந்தத் துறையில் பல நிறுவனங்கள் இருந்தன. 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் சொத்துகளை 2000-இன் இறுதியில் என்விடியா வாங்கியது. ஏடிஐ 2006-இல் ஏஎம்டியோடு இணைந்தது. அதன்பின் ஏறத்தாழ 16 ஆண்டுகள் இருவர் மட்டுமே இருந்தார்கள். 2025 செப்டம்பரில் என்விடியா இன்டெல்லில் 500 கோடி டாலர் முதலீடு செய்வதாக அறிவித்தது. கிராபிக்ஸ் கார்டில் மூன்றாவது போட்டியாளராக வந்த இன்டெல்லின் ஊக்கம் இதனால் குறையுமோ என்ற கவலை எனக்கு இருக்கிறது.

அந்த மூணாவது ஆள், இன்டெல் ஆர்க் கார்டு, விலைக்கு நல்லா இருக்கே. என் பழைய ரைசன் 2600-ல போடலாமா?

இங்கே பிராசசரும் கார்டும் ஒன்றையொன்று தொடுகின்றன. 2024 டிசம்பரில் 249 டாலருக்கு 12 ஜிபியோடு வந்த ஆர்க் பி580 அந்த விலைக்குச் சிறந்த கார்டு என்று பாராட்டப்பட்டது. ஆனால் ஆர்க் கார்டுகளுக்கு ரீசைசபிள் பார் என்ற வசதி கட்டாயம் போலவே தேவை. பிராசசர் கார்டின் நினைவகம் முழுவதையும் ஒரே வீச்சில் அணுக அது இடம் தருகிறது. இன்டெல்லில் பத்தாம் தலைமுறை முதலும், ஏஎம்டியில் ரைசன் 3000 முதலும் இதற்கு முறையான ஆதரவு உண்டு. அது இயங்க விண்டோஸ், யுஇஎஃப்ஐ என்ற புதிய வகைப் பயாஸ் முறையில் நிறுவப்பட்டிருக்க வேண்டும்.

அதோடு முடியவில்லை. வெளியான சில வாரங்களிலேயே, கார்டை இயக்கும் மென்பொருளான இதன் டிரைவர் பிராசசரிடம் அதிக வேலை வாங்குவதால், பழைய பிராசசர்களில் வேகம் எதிர்பாராத அளவுக்கு வீழ்வதைச் சோதனையாளர்கள் காட்டினார்கள். ரைசன் 2600-இல் இதைப் பொருத்த வேண்டாம். பி450 போர்டு என்றால், மேலே சொன்னபடி பயாஸைப் புதுப்பித்து ரைசன் 5600 போட்ட பிறகு யோசிக்கலாம். அப்போதும் சில விளையாட்டுகளில் குறைவு இருக்கும்.

ஐ7-7700 வச்சிருக்கேன். காசு ஒண்ணுக்குத்தான் இருக்கு: பிராசசரா, கார்டா?

வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். நீங்கள் ஆடும் விளையாட்டில் திரைத் தெளிவை 1080-இலிருந்து 720-க்குக் குறைத்துப் பாருங்கள். பிரேம் எண்ணிக்கை (நொடிக்கு எத்தனை படம் என்பது) நன்றாக உயர்ந்தால் தடை கார்டில் இருக்கிறது. அப்படியே நின்றால் தடை பிராசசரில் இருக்கிறது. இணையத்தில் தடை எதில் என்று விழுக்காடு காட்டும் பாட்டில்நெக் கணிப்பான்களைவிட இந்தச் சோதனை நம்பகமானது.

ஆனால் ஐ7-7700 தன் சாக்கெட்டின் உச்சியை ஏறக்குறைய எட்டிவிட்டது. இரண்டாம் கேள்வியில் விளக்கியபடி அந்தப் போர்டில் அடுத்த தலைமுறைக்குப் போக முடியாது. விண்டோஸ் 11-இன் அதிகாரபூர்வப் பட்டியலிலும் அது இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. பிராசசரை மாற்றுவதென்றால் போர்டும் மாற வேண்டும். உங்கள் ரேம் டிடிஆர்4 என்றால், அதை வைத்துக்கொண்டு ஏஎம்4 போர்டும் ரைசன் 5600-உம் வாங்குவது குறைந்த செலவில் முடியும். ரேமையும் சேர்த்து மாற்றும் வசதி இருந்தால் ஏஎம்5 போர்டுக்குப் போங்கள். அந்தச் சாக்கெட்டை 2027 வரையிலும் அதற்கு அப்பாலும் ஆதரிப்பதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. சோதனையில் தடை கார்டில்தான் என்று தெரிந்தால், 16 பாதைகள் உள்ள கார்டாகப் பார்த்து இப்போதே வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு போர்டு மாறும்போது அந்தக் கார்டு அப்படியே புதியதில் ஏறிக்கொள்ளும்.